கொரியத் தொடர்களும் உப்பளத்துக் கண்ணீரும்

கொரிய நாட்டுத் தொலைக்காட்சித் தொடர்கள் நம் சபை மக்களின் இல்லங்களில் இடம்பெற்றுவிட்டன. 2013-இல் தொடங்கப்பெற்ற புதுயுகம் தொலைக்காட்சி, 'பாய்ஸ் ஓவர் ஃபிளவர்ஸ்' முதலியவற்றைத் தமிழ்க் குரலில் ஒளிபரப்பியபோது அவை ஒரு புதுமையாக இருந்தன. இன்றோ மரக்காணத்து உப்பளங்களை அடுத்த சிற்றூர்களிலும் இளைஞர் அவற்றைக் கைப்பேசியிலேயே காண்கின்றனர். இதனை வீண்பொழுது என்று பிரசங்க பீடத்திலிருந்து கண்டித்துவிடுதல் எளிது. ஆயின் தன் மக்கள் எதைக் கண்டு அழுகின்றனர் என்பதை அறியாத மேய்ப்பன், அவர்களை எதைக் கொண்டு தேற்றுவான்? ஆதலின் இத்தொடர்களை விரும்புவோர் கூறும் கருத்துகளைச் செவிமடுத்து, அவற்றை இறையியல் நோக்கில் ஆராய்வது தகும்.

அவர்கள் கூறும் காரணங்கள் மூன்று. முதலாவது, பெரும்பாலான தொடர்கள் பதினாறு பகுதிகளில் முடிந்துவிடுகின்றன. நம் தொடர்களைப் போல் ஆண்டுக்கணக்கில் மாமியார் மருமகள் பூசலை இழுத்தடிப்பதில்லை. இரண்டாவது, அக்குடும்பங்கள் நம் குடும்பங்களைப் போன்றே உள்ளன. தந்தையை 'அப்பா' என்றும் தாயை ஏறத்தாழ 'அம்மா' போன்றே ஒலிக்கும் சொல்லாலும் அழைக்கின்றனர், மூத்தோர்முன் பணிகின்றனர், சோற்றைக் கூடியிருந்து உண்கின்றனர். கொரியாவில் பணியாற்றிய மிஷனெரி ஹோமர் ஹல்பர்ட், 1905-இலேயே கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு இலக்கண நூல் எழுதினார். இன்றைய மொழியியலார் அவ்வுறவை ஏற்பதில்லை எனினும், பார்ப்போர் உள்ளத்தில் எழும் உறவுணர்வு பொய்யன்று. மூன்றாவது காரணமே நம் ஆய்வுக்குரியது: இக்கதைகளில் எளியோரின் துயரம் மறைக்கப்படுவதில்லை என்கின்றனர்.

இதற்குச் சான்றாக அவர்கள் காட்டுவது, 2025 மார்ச்சில் வெளியான 'வென் லைஃப் கிவ்ஸ் யூ டாஞ்சரின்ஸ்' என்னும் தொடராகும். ஜேஜூ தீவில் கடலில் மூழ்கிச் சிப்பி எடுக்கும் ஏழைத் தாய், நுரையீரல் கெட்டு இளவயதிலேயே இறக்கிறாள். கவிஞராக விரும்பிய அவள் மகள் ஏசுனின் கல்விக் கனவு கலைகிறது. அக்கனவைத் தன் மகளிடத்தில் காண அவள் வாழ்நாளெல்லாம் உழைக்கிறாள். தொடரின் கொரியத் தலைப்பு, 'மிகவும் பாடுபட்டீர்கள்' என்று பொருள்படும் ஜேஜூ வட்டார வழக்கு. உப்பளத் தொழிலாளியின் மகளொருத்தி நம்மிடம், "ஐயா, இது எங்க அம்மா கதைதான்" என்றாள். கூசும் வெயிலில், உப்புநீர் அரித்த பாதங்களோடு, பாத்தியிலிருந்து உப்பைத் தலையில் சுமந்து கரையேற்றும் தாயின் மகள் அவள். தாயின் உழைப்பை மதிக்க ஒரு தொடர் அவளுக்குக் கற்றுத்தந்ததெனில், அதனை நாம் இகழ்தல் ஆகாது.

ஆறாத இத்துயரைக் கொரியர் 'ஹான்' என்பர். இச்சொல் இறையியல் மாணவர்க்குப் புதிதன்று. 1970 நவம்பர் 13 அன்று, தையல் தொழிலாளியான இளைஞர் சொன் தே-இல், தொழிலாளர் உரிமைக்காகச் சியோலில் தீக்குளித்து மாண்டார். அந்நெருப்பின் வெளிச்சத்தில் மின்ஜுங் இறையியல் உருப்பெற்றது. மாற்கு நற்செய்தியில் இயேசுவைச் சூழ்ந்து நிற்கும் திரள்கூட்டத்தை ஆன் பியுங்-மு ஆராய்ந்தார். ஹானைச் செவிமடுத்து ஆற்றுவதே குருத்துவப் பணி என்றார் சோ நாம்-டொங். அவர்கட்கு ஹான் என்பது தனியொருவரின் சோகம் மட்டுமன்று. அநீதியால் ஒரு மக்கள் கூட்டத்தின் நெஞ்சில் படிந்த வேதனை.

இவ்வளவுகோலைக் கொண்டு நோக்கின், தொடர்களின் குறை விளங்கும். 'பாய்ஸ் ஓவர் ஃபிளவர்ஸ்' கதையில் சலவைக் கடைக்காரரின் மகளுக்குச் செல்வக் குடும்பத்து வாரிசின் காதல் கிடைக்கிறது. அவளைப் போன்ற பிறருக்கு எதுவும் மாறவில்லை. ஹான் ஒருத்திக்கு மட்டும் தீர்ந்து, கூட்டத்திற்கு எஞ்சிநிற்கிறது. 2021-இல் வெளிவந்த 'ஸ்குவிட் கேம்' இதனினும் கூர்மையானது. கடனில் மூழ்கிய 456 பேர் பணத்திற்காக உயிரைப் பணயம் வைக்கின்றனர். கதைத்தலைவன் வேலையிழந்த கார்த் தொழிலாளி. அவனுடைய பின்கதை 2009-இல் சாங்யோங் தொழிற்சாலையில் நடந்த வேலைநிறுத்தத்தை நினைவூட்டுவது. அதில் நம்மைச் சுடும் பாத்திரம் சி-யோங் என்னும் பெண். அவள் தந்தை ஒரு போதகர். மகளைச் சீரழித்தவர், மனைவியைக் கொன்றவர். விசுவாசத்தை வெறுத்த அம்மகளே, தோழி பிழைக்கும்படி தன் உயிரைக் கொடுக்கிறாள். இதனைத் திருச்சபையின்மேல் வீசப்பட்ட அவதூறு என்று சினப்பதினும், நம் இல்லங்களிலும் சபைகளிலும் அடக்கப்பட்ட குரல்கள் உளவோ என்று ஆராய்வதே நமக்கு நலம்.

எனினும் நாம் கண்ட தொடர்கள் எவற்றிலும் கொரியாவின் உப்பளம் மையமாக நிற்கவில்லை. அந்நாட்டின் கடலுப்பில் பெரும்பகுதியை விளைவிக்கும் சினான் தீவுகளில், மாற்றுத்திறனாளிகள் பல்லாண்டுகள் கூலியின்றி அடிமைகளாய் வைக்கப்பட்டிருந்த செய்தி 2014-இல் வெளிப்பட்டது. பார்வை குன்றிய ஒருவர் தம் தாய்க்கு மறைவாக எழுதிய கடிதமே மீட்புக்கு வழிதிறந்தது. கட்டாய உழைப்பைக் காரணங்காட்டி, அங்குள்ள பெரிய உப்பளம் ஒன்றின் உப்பை அமெரிக்கா 2025 ஏப்ரலில் தடைசெய்தது. பிடிக்கப்பட்ட கூலி கூக்குரலிடுவதாக யாக்கோபு எழுதியது இத்தகையோரைக் குறித்தன்றோ?

ஏழையின் ஆட்டுக்குட்டியைக் கவர்ந்த செல்வன் கதையை நாத்தான் சொன்னபோது, தாவீது சினந்து கொதித்தான். கதை அத்துடன் நின்றிருப்பின், அரசன் தன் நேர்மையை எண்ணி மகிழ்ந்து உறங்கியிருப்பான். நாத்தானோ அவனையே சுட்டிக் காட்டினான். கொரியத் தொடர்கள் கதையின் முற்பகுதியைச் செவ்வையாகச் சொல்லுகின்றன. கண்ணீரும் சினமும் எழுகின்றன. பின்பகுதி திரையில் இல்லை. ஜேஜூவின் தாய்க்காக அழுத கண், வடகிழக்குப் பருவமழையில் வேலை நின்று கடன் வாங்கும் மரக்காணத்துத் தாயைக் காணாதிருக்கக் கூடும். அம்மழைக்காலத்திற்கென அரசு 2022 முதல் வழங்கும் 5,000 ரூபாய் உதவி நம் சபையில் யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று நம்முள் எத்தனை ஆயர் விசாரித்திருப்பர்?

ஆகவே வாலிபர் கூட்டத்தில் இத்தொடர்களைத் தடுக்க வேண்டா. அவற்றைக் குறித்துப் பேசச் செய்வோம். இக்கதையில் துயருறுவோர் யார்? துயரைத் தீர்ப்பது யார் கை? அவ்விடத்தில் நம் ஊரில் நிற்பவர் யார்? முதலிரண்டு வினாக்களுக்கு இளைஞர் நம்மினும் நன்றாக விடையளிப்பர். மூன்றாவதற்கு விடைகாண, அவர்களோடு நாமும் உப்பளத்து வரப்பில் நடக்க வேண்டும்.