கட்டடமே தன்னுருவம்: ஓவியர் கே. ராமானுஜத்தின் மைக்கோட்டுப் படைப்புகள்

திருவனந்தபுரத்து அருங்காட்சியக வளாகத்தில், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதன போலத் தோன்றும் இரண்டு கட்டடங்கள் உள்ளன. ஒன்று, 1880இல் நிறைவுற்ற நேப்பியர் அருங்காட்சியகம். கேரளத்துச் சாய்கூரைகளை இந்தோ-சாரசனிக் பாணியோடு இணைத்து அதனை வடிவமைத்தவர் இராபர்ட் சிஷோம். மற்றொன்று, ஓவியர் கே. சி. எஸ். பணிக்கரின் (1911–1977) படைப்புகளுக்கென அமைந்த கலைக்கூடம். இவ்விருவரையும் இணைப்பது சென்னைக் கலைப்பள்ளியாகும். 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய அப்பள்ளிக்குச் சிஷோம் 1877இல் கண்காணிப்பாளர் ஆனார். பணிக்கர் 1957 முதல் 1967 வரை அதன் முதல்வராக விளங்கினார். சிஷோம் எழுப்பிய குவிமாடங்களின் நகரில் வளர்ந்து, பணிக்கரிடம் மாணவராகப் பயின்று, தாளின்மீது மையால் மாளிகைகளைக் கட்டியவர் கே. ராமானுஜம். 1940களின் தொடக்கத்தில் சென்னையில் பிறந்த அவர், 1973இல் சோழமண்டலத்தில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

ராமானுஜத்தைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இந்த இறுதிச் செய்தியிலிருந்தே தொடங்குகிறது. பேச்சில் தடை, மனநலக் குறைவு, உடன்பயின்றோரின் ஏளனம், அகால மரணம் என்று வாழ்க்கை வரலாறு முன்னே நிற்க, படைப்புகள் அதற்குச் சான்றுகளாகப் பின்னே வரிசைப்படுத்தப்படுகின்றன. 'கனவுலகம்' என்னும் சொல் அவற்றுக்கு உரிய சொல்லாக நிலைத்தும்விட்டது. அச்சொல் தவறன்று, ஓவியரே விரும்பிய சொல்தான். ஆயின் அச்சொல்லைச் சொன்ன அளவில் ஆய்வு முடிந்துவிடுவதே குறை. கனவு எப்பொருளால் கட்டப்பட்டது, அதனுள் கனவு கண்டவர் எங்கே நிற்கிறார் என்னும் இரு வினாக்களை எழுப்பிப் பார்த்தால், இப்படைப்புகள் தன்னுருவ ஓவியம் என்னும் வகையைத் தமிழ்ச்சூழலில் வேறொரு திசைக்குக் கொண்டுசென்றிருப்பது புலப்படும்.

தன்னுருவ ஓவியம் மேனாட்டு மரபில் முகத்தின் கலையாகவே வளர்ந்தது. ரெம்பிராண்ட் இளமை முதல் முதுமை வரை கண்ணாடியின் முன் அமர்ந்து தம் முகத்தை வரைந்தார். வான்கோவின் முகங்களில் தூரிகையின் வீச்சே மனத்தின் வீச்சாகக் கொள்ளப்படுகிறது. ராமானுஜத்தின் படைப்புகளில் அத்தகைய முகம் இல்லை. அங்கிருப்பது தொப்பி அணிந்த ஒரு சிறிய ஆண் உருவம். வளைவின்கீழோ படிக்கட்டின் நடுவிலோ இறகுடைய விலங்கின் அருகிலோ அது காணப்படும். அவ்வுருவம் ஓவியரே என்பதில் எழுதியோர் அனைவரும் உடன்படுகின்றனர். எனினும் பல தாள்களில் தாளின் பரப்போடு ஒப்பிட அது மிகச் சிறியது. முகத்தின் குறிப்புகளும் மிகச் சில. முகத்தைக் கொண்டு மனத்தை அறிய விரும்புவோர்க்கு அது எதையும் தருவதில்லை. மனம் இருப்பது வேறிடத்தில்: அவ்வுருவத்தைச் சூழ்ந்து நிற்கும் குவிமாடங்களிலும் தூண்களிலும் மாடங்களிலும் முடிவின்றி ஏறும் படிகளிலும்.

கோடு என்னும் செங்கல்

இப்படைப்புகளின் முதன்மை ஊடகம் பேனாவும் மையும். அவற்றோடு நீர்த்த மையின் பூச்சும் சிலவற்றில் வண்ணமும் சேர்கின்றன. வண்ணம் வரும் இடங்களிலும் கட்டுமானத்தைத் தாங்குவது கோடுதான்; நெருங்கி நெருங்கி இழைக்கப்பட்ட சிறுசிறு கோடுகளின் அடர்த்தியே நிழலாகவும் சுவராகவும் ஆழமாகவும் மாறுகிறது. கொத்தன் செங்கல்லின்மேல் செங்கல் வைப்பது போலக் கோட்டின்மேல் கோடு வைக்கப்படுகிறது. வரைபடம் போட்டுப் பின் எழுப்பிய கட்டடங்களாக இவை தோன்றவில்லை. ஓர் மூலையில் தொடங்கி, அடுத்தது என்னவென்று கை தீர்மானிக்க வளர்ந்தவை போன்றே இருக்கின்றன. ஆகவேதான் ஒரு மாடத்துக்கும் அடுத்த மாடத்துக்கும் அளவுப் பொருத்தம் இல்லை. படிகள் வாயிலைச் சென்றடையாமலே முடிகின்றன. தூணாகத் தொடங்கியது பாம்பாகவோ பறவையின் கழுத்தாகவோ முடிகிறது.

இத்தாலியப் பொறிப்போவியர் பிரானேசி 18ஆம் நூற்றாண்டில் படைத்த கற்பனைச் சிறைச்சாலைகளோடு இவற்றை ஒப்பிடத் தோன்றும். அங்கும் கோட்டின் அடர்த்தியால் எழுந்த மாபெரும் வளைவுகள் உண்டு. எங்கும் செல்லாத படிகள் உண்டு. எறும்பெனச் சிறுத்த மனிதர் உண்டு. ஆயின் பிரானேசியின் மனிதர் அக்கட்டடத்தால் நசுக்கப்படுகின்றனர். ராமானுஜத்தின் தொப்பி மனிதர் அங்கே குடியிருக்கிறார். சிறியவராயினும் அவர் விருந்தினரல்லர், கைதியுமல்லர், வீட்டுக்காரர். இவ்வேறுபாடு முதன்மையானது.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. தொப்பி மனிதரை வரைந்த கோடும் தூணை வரைந்த கோடும் ஒரே தடிமன், ஒரே நடை. மனித உடலுக்கெனத் தனி மென்மையோ முகத்துக்கெனத் தனி நுணுக்கமோ அளிக்கப்படவில்லை. உடலும் கட்டடமும் ஒரே பொருளால் ஆனவை என்பதைப் பேனா தானாகவே சொல்லிவிடுகிறது.

யாருடைய மாளிகை?

இக்கட்டடங்களின் பாணி எது? கோயில் என்று சொல்ல இயலாது. கோபுர அடுக்கின் சாயல் சில இடங்களில் தெரிந்தாலும் கருவறை இல்லை. முகலாயம் எனவும் சொல்ல இயலாது. குவிமாடம் உண்டு, ஆனால் அதன் சமச்சீர் இல்லை. உண்மையில் இக்கலவை சென்னையில் வளர்ந்த ஒருவருக்கு அயலானதன்று. 1874க்கும் 1879க்கும் இடையில் சிஷோம் கட்டிய செனட் மாளிகையில் இசுலாமியக் குவிமாடமும் பைசாந்தியச் சாயலும் தென்னிந்தியத் தூண்வேலையும் ஒன்றாக நிற்பதைக் கடற்கரைக்குச் செல்லும் எவரும் காணலாம். உயர்நீதிமன்றம், எழும்பூர் நிலையம் எனச் சிவப்புச் செங்கல்லும் குவிமாடமுமாக நகரமே அத்தகைய கலவைகளால் நிரம்பியது. அதனோடு, அம்புலிமாமாவின் அரண்மனைகளையும் அக்காலத் திரைப்பட அரங்கமைப்புகளையும் சேர்த்து எண்ணினால் ராமானுஜத்தின் கட்டடக்கலைக்கு உரிய மண் தெளிவாகும். 'எங்குமில்லாத உலகம்' என்று அதனைச் சொல்வது வசதியானது. ஆயின் அது பெரும்பாலும் சென்னையே. காலனியம் தன் அதிகாரத்தைக் காட்ட எழுப்பிய குவிமாடங்களை, அதிகாரம் ஏதுமில்லாத ஒருவர் எடுத்துத் தம் வீட்டுக்குக் கூரையாக்கிக்கொண்டார்.

தமிழ்நாட்டில் கட்டடத்தினுள் மனித உருவம் இடம்பெறும் மரபு பழமையானது. மாமல்லபுரத்து ஆதிவராகர் குகைக்கோயிலில் சிம்மவிஷ்ணுவும் மகேந்திரனும் தம் தேவியரோடு பெயர்ப்பொறிப்பின்கீழ் நிற்கின்றனர். மதுரைப் புதுமண்டபத் தூண்களில் திருமலை நாயக்கர் உள்ளிட்ட நாயக்க மன்னர்கள் கைகூப்பி நிற்கின்றனர். இவ்வுருவங்கள் யாவும் கட்டுவித்தவருடையவை, கட்டியவருடையவை அல்ல. உளி பிடித்தவரின் முகம் தூணேறுவது அரிது. ராமானுஜத்தின் தாளில் இவ்வேறுபாடு அழிகிறது. கட்டியவரே கட்டுவித்தவர், அவரே அங்கு வீற்றிருப்பவர். நாயக்க மன்னரின் இடத்தில் கலைக்கல்லூரி மாணவர் ஒருவர், மகுடத்துக்கு மாறாகத் தொப்பியோடு, அமர்ந்துகொள்கிறார். வகுப்பில் நகைப்புக்கு ஆளான ஒருவர் செய்த காரியம் இது என்பதை எண்ணும்போது அத்தொப்பியின் வேடிக்கை சற்று அடங்குகிறது.

பூசலாரின் கோயிலும் இம்மாளிகையும்

மனத்தால் கட்டும் கட்டடம் தமிழிலக்கியத்துக்குப் புதிதன்று. பெரியபுராணத்துப் பூசலார் வரலாறு அதன் மிகச்சிறந்த வடிவம். திருநின்றவூர்ப் பூசலாரிடம் பொருளில்லை. ஆகவே அவர் சிவனுக்கு மனத்திலேயே கோயில் எடுக்கிறார். அவ்வரலாற்றின் அழகு, அவர் ஒரே நொடியில் கோயிலைக் கற்பித்துவிடவில்லை என்பதில் உள்ளது. பொருள் தேடுகிறார், கருவி சேர்க்கிறார், தச்சரை அழைக்கிறார், நல்ல நாள் பார்த்து அடித்தளம் இடுகிறார், சிகரம் ஏற்றுகிறார், சுதை பூசுகிறார், கிணறு தோண்டுகிறார், மதில் எடுக்கிறார்; எல்லாம் மனத்தில், முறைப்படி, நாள்கள் செல்ல. அதே நாளில் காஞ்சியில் காடவர்கோன் எடுத்த கற்றளிக்கும் குடமுழுக்கு. இறைவன் மன்னன் கனவில் தோன்றி, நின்றவூர்ப் பூசல் எடுத்த கோயிலில் தான் புகவிருப்பதால் நாளை மாற்றிக்கொள்ளுமாறு பணிக்கிறான்.

சேக்கிழார் இங்கு நிறுவுவது கற்பனையின் எளிமையை அன்று, கற்பனைக்குள்ளும் தவிர்க்க முடியாத உழைப்பை. ராமானுஜத்தைக் 'கனவுலகவாசி' என்று விலக்குவோர் தவறவிடுவதும் இவ்வுழைப்பையே. ஒரு தாளை விளிம்பு முதல் விளிம்பு வரை சிறுகோடுகளால் நிரப்புவதற்கு வேண்டிய நேரமும் கையின் உறுதியும் சிறியன அல்ல. பிறழ்ந்த மனத்தின் கட்டற்ற வெளிப்பாடு என்று இவற்றைச் சொல்வோர், அடுத்தடுத்த இரு கோடுகளுக்கிடையே அவர் காத்த இடைவெளியை ஒருமுறை உற்றுநோக்குதல் வேண்டும். நோய் அவருக்கு இருந்திருக்கலாம், கோட்டுக்கு இல்லை.

பயிற்சியில்லாப் புறநிலைக் கலைஞர் என்னும் மேனாட்டு வகைமைக்குள் அவரை அடக்குவதும் பொருந்தாது. பிரான்சில் 1879 முதல் முப்பத்து மூன்று ஆண்டுகள் கற்களைப் பொறுக்கித் தனியே அரண்மனை கட்டிய அஞ்சல்காரர் செவாலோடு ஒப்பிட ஆசை எழலாம். செவாலுக்குப் பள்ளி இல்லை, ஆசிரியர் இல்லை, தோழர் இல்லை. ராமானுஜத்துக்கு மூன்றும் இருந்தன. 1966இல் ஈஞ்சம்பாக்கத்து மணல்வெளியில் பணிக்கரும் அவர்தம் மாணவரும் அமைத்த சோழமண்டல ஓவியர் கிராமத்தில் அவர் வாழ்ந்தார். 1963 முதல் பணிக்கர் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில் தாளையும் திரையையும் எழுத்துப்போன்ற குறிகளால் நிரப்பிக்கொண்டிருந்தார். பரப்பு முழுவதையும் கையெழுத்தாக்கும் அந்த வேட்கை ஆசிரியருக்கும் மாணவருக்கும் பொது. ஆசிரியர் எழுத்தை எழுத்தல்லாததாக்கினார். மாணவர் கோட்டை மாளிகையாக்கினார். சென்னை இயக்கத்தின் கோட்டு மரபுக்குள் வைத்து நோக்கும்போதுதான் ராமானுஜத்தின் தனித்தன்மை துலங்குகிறது. வெளியே தள்ளி வியந்தால் அது வெறும் விந்தையாகிறது.

பூசலாரோடு அவரை நிறுத்தும்போது ஒரு வேறுபாட்டையும் மறைத்தலாகாது. பூசலாரின் கோயில் இறைவன் புகுவதற்காக எழுந்தது. கட்டியவர் அதனுள் தமக்கு இடம் கேட்கவில்லை. உடம்பையே கோயிலாகக் காணும் திருமூலர் நெறியிலும் உள்ளே இருப்பவன் இறைவனே. ராமானுஜத்தின் மாளிகையில் உள்ளே இருப்பவர் அவரே. பெண்களும் விலங்குகளும் பறவைகளும் அவரைச் சூழ்ந்திருப்பினும், அவருக்கு நிகராக இன்னொருவர் அங்கு இல்லை. குறிப்பாகப் பெண்ணுருவங்கள் பல இடங்களில் தூண்களின் பணியையே செய்கின்றன: தாங்குகின்றன, அலங்கரிக்கின்றன, திரும்பிப் பார்ப்பதில்லை. இது அவர் கலையின் எல்லை. தன்னுருவம் கட்டடமாக விரியும்போது பிறருருவம் கட்டடப்பொருளாகச் சுருங்கிவிடுகிறது. அவர்மீது கொண்ட பரிவின் காரணமாக விமர்சகர் இதனைக் கூறாது விடுவது வழக்கமாகிவிட்டது. அவ்வாறே, சில தாள்களில் நிரப்புதல் என்பது தேவையாக இல்லாமல் பழக்கமாகிவிடுவதையும் சொல்லவேண்டும். அங்கே கட்டடம் தன் எடையை இழந்து சித்திரத்தையல்போல ஆகிறது.

முகம் தேடும் மொழி

தமிழ்ப் புனைகதை ராமானுஜத்தை மறக்கவில்லை. அவர் வாழ்வை அடிப்படையாகக் கொண்டு சி. மோகன் எழுதிய 'விந்தைக் கலைஞனின் உருவச் சித்திரம்' என்னும் நாவலின் தலைப்பிலேயே ஒரு முரண் உள்ளது. ஓவியர் வரைய மறுத்த உருவச்சித்திரத்தை நாவலாசிரியர் வரைய நேர்கிறது. நாவலுக்கு மனிதர் வேண்டும். அவர்க்கு முகமும் நாளும் துயரும் வேண்டும். ஓவியரோ முகத்தைத் தொப்பியின்கீழ் வைத்துவிட்டுச் சுவர்களைப் பேசவிட்டார். இவ்விரண்டையும் அருகருகே வைத்து ஆராய்வது தமிழாய்வு இன்னும் போதிய அளவில் மேற்கொள்ளாத பணி. ஓவியத்தை ஓவியத்துறைக்கும் நாவலைத் தமிழ்த்துறைக்கும் பிரித்துக் கொடுத்துவிட்ட பாடத்திட்டங்கள் அதற்கு ஒரு காரணம்.

தாளில் கட்டிக்கொண்டிருந்த இவருக்கு உண்மையான கட்டடம் ஒன்றின் சுவரும் வாய்த்தது. சென்னைக் கன்னிமரா ஓட்டலுக்காக அவர் பேரளவில் வரைந்தார். பேனாவின் கோடு விரல்களின் அசைவில் பிறப்பது. சுவரளவு ஓவியத்துக்கோ தோளும் உடலும் அசையவேண்டும். மடியில் வைத்து நெருங்கிக் காணவேண்டிய மாளிகை, வழிப்போக்கர் நிமிர்ந்து காணும் மாளிகையாகிறது. காடவர்கோனின் கற்றளிக்குள் பூசலாரின் கோயிலைக் கொண்டுவந்து வைத்தது போன்ற நிலை அது.

ஆதலின் அவரை அறிய விரும்புவோர் சிறிய தாள்களிடமே திரும்பிச் செல்லவேண்டும். சோழமண்டலக் கலைக்கூடத்தில் அவற்றின்முன் நிற்பவர், முதலில் ஓர் அடி தள்ளி நின்று கரும்பரப்பைக் காண்பார், பின் நெருங்குவார், வளைவு, படி, மாடம் என ஒவ்வொன்றாகக் கடந்து அந்தத் தொப்பியைத் தேடுவார். மன்னன் திருநின்றவூருக்கு வந்து, பூசலார் எடுத்த கோயில் எங்கே என்று ஊராரிடம் வினவினான். அப்படி ஒரு கோயில் இங்கு இல்லை என்றே அவர்கள் சொன்னார்கள்.