ஒரு ‘ஆனால்’ போதும்!

உறவுக்காரப் பையன் ஒருவன் எம்.எஸ்ஸி. ஆய்வேட்டோடு வந்து நின்றான். ‘‘இங்கிலீஷை மட்டும் கொஞ்சம் சரிபண்ணிக் கொடுங்க சித்தப்பா. அடுத்த மாசம் வைவா!’’

நான் படித்தது பி.காம். ஆனாலும் பத்திரிகைக்காரனுக்கு எல்லா இங்கிலீஷும் வரும் என்று குடும்பத்தில் ஒரு மூடநம்பிக்கை. வாங்கிப் பிரித்தேன். ‘இன்றைய நவீன உலகில்...’ என்று ஆரம்பித்து, தண்ணீரின் பெருமை நாலு பக்கம் ஓடுகிறது. பையனைத்தான் காணோம்! கேட்டால் சொல்கிறான்... மழைக்கு முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை என்று முப்பது கிணறுகளுக்கு பைக்கில் அலைந்து தண்ணீர் எடுத்து, உப்பின் அளவைச் சோதித்திருக்கிறான்.

‘‘இதை ஏன்டா முதல்ல எழுதலை?’’

‘‘இவ்ளோ சிம்பிளா எழுதினா இங்கிலீஷ் தெரியாதவன்னு நினைச்சுப்பாங்களே சித்தப்பா!’’

இந்த பயத்துக்கு ஒரு நல்ல மருந்து உண்டு. ஜான் ஸ்வேல்ஸ், கிறிஸ்டீன் ஃபீக் இருவரும் எழுதிய ‘அகடமிக் ரைட்டிங் ஃபார் கிராஜுவேட் ஸ்டூடன்ட்ஸ்’. மிச்சிகன் பல்கலைக்கழக வெளியீடு. முதல் பதிப்பு 1994-ல் வந்தபோதே, இங்கிலீஷைத் தாய்மொழியாகக் கொள்ளாத மாணவர்களுக்காக எழுதப்பட்டது.

ஸ்வேல்ஸ் செய்த வேலை சுவாரஸ்யமானது. 48 ஆய்வுக் கட்டுரைகளின் முன்னுரைகளை எடுத்துப் பிரித்து மேய்ந்து, 1981-ல் ஒரு பொது அமைப்பைச் சொன்னார். 1990-ல் அதையே மூன்று நகர்வுகளாகச் சுருக்கினார். முதலில், இந்த விஷயம் முக்கியம், இதுவரை இன்னின்னார் இவ்வளவு செய்திருக்கிறார்கள். அடுத்து, ஆனால், இந்த ஒரு இடம் காலியாக இருக்கிறது. கடைசியாக, அதை நான் இப்படி நிரப்புகிறேன். அவ்வளவுதான்! நம் ஆய்வேடுகளில் பெரும்பாலும் முதலாவது மட்டும் மூச்சுமுட்ட இருக்கும். அந்த ‘ஆனால்’ வரவே வராது.

புத்தகத்தில் எனக்குப் பிடித்த இன்னொன்று, எதை எவ்வளவு அழுத்திச் சொல்வது என்ற பாடம். ‘நிரூபிக்கிறது’ வேறு, ‘காட்டுகிறது’ வேறு, ‘இருக்கக்கூடும்’ வேறு. காமர்ஸ்காரன் பாஷையில் சொன்னால், வவுச்சர் எவ்வளவுக்கோ அவ்வளவுக்குத்தான் செலவு எழுதலாம்.

குறை? உண்டு. அச்சு கையில் கிடைத்தால் நம்மவர்கள் மாவை மறந்துவிடுவார்கள். ‘இதுபற்றி யாருமே ஆராயவில்லை’ என்று தேடிப் பார்க்காமலே எழுதுவதும் ஒரு ‘ஆனால்’தான். பொய் ‘ஆனால்’! காலி இடம் எப்படி இருக்கும் என்று புத்தகம் காட்டும். அதைக் கண்டுபிடிக்கக் கிணற்றடிக்குத்தான் போகவேண்டும்.

சரி, இங்கிலீஷ் பயம் முற்றினால் என்ன ஆகும்? 2018-ல் யு.ஜி.சி. கொண்டுவந்த விதிப்படி, ஆய்வேட்டில் அடுத்தவர் எழுத்தோடு 10 சதவிகிதம் வரை ஒற்றுமை இருந்தால் தண்டனை இல்லை. அதற்கு மேல் போனால் திருத்தித் தரவேண்டும். 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. நோக்கம் நல்லதுதான். ஆனால், அதற்குத் தப்பிக்க அடுத்தவர் வாக்கியத்தை எடுத்து, வார்த்தைக்கு வார்த்தை மாற்றிப்போடும் சாஃப்ட்வேரில் தள்ளுகிறவர்கள் உண்டு. 2021-ல் கிய்யோம் கபனாக் உள்ளிட்ட மூன்று ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட சொற்களை ஆய்வுக் கட்டுரைகளிலிருந்தே பொறுக்கி எடுத்துக் காட்டினார்கள். மார்பகப் புற்றுநோய் ‘பூஸம் பெரில்’ ஆகியிருந்தது. நெஞ்சுக்கு வந்த ஆபத்தாம்! செயற்கை நுண்ணறிவு, ‘கள்ள பிரக்ஞை’ என்கிற அர்த்தத்தில் ‘கவுன்டர்ஃபிட் கான்ஷியஸ்னஸ்’ ஆகியிருந்தது. சிரிப்பு வருகிறது, இல்லையா? அதில் கையெழுத்துப் போட்டவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமும் வருகிறது.

எழுதியாகிவிட்டது. பேசுவது? ஸ்லைடு முழுக்கப் பத்திபத்தியாக ஒட்டி, சபைக்கு முதுகைக் காட்டி வாசிப்பதுதான் நமக்குத் தெரிந்த வைவா. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2008-ல் முனைவர் பட்ட மாணவர்களுக்கு ஒரு போட்டி தொடங்கியது. மூன்றே நிமிடம், ஒரே ஸ்லைடு. அதற்குள் உன் ஆய்வை எங்களுக்குப் புரியவை! அங்கே அப்போது கடும் வறட்சி. மூன்று நிமிடத்தில் குளித்து முடிக்க, குளியலறைச் சுவரில் ஜனங்கள் மணல் கடிகாரம் மாட்டிவைத்திருந்தார்கள். யோசனை அங்கிருந்துதான் பிறந்ததாம். எம்.எஸ்ஸி. மாணவனும் வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

செய்து பார்த்தோம். நான் வாட்ச்சைப் பார்க்க, பையன் கூடத்தில் நின்று முதலில் தமிழில் சொன்னான். ‘‘மழை பெஞ்சா கிணத்துல உப்பு குறையும்னுதான் எல்லாரும் நினைக்கிறோம். ஆனா, சில கிணத்துல கூடியிருக்கு...’’

அடுப்படியிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். ‘‘அதெப்படிடா கூடும்?’’

‘‘அவ்வளவுதான். இதையே இங்கிலீஷ்ல எழுதிட்டு வா’’ என்றேன்.