கூடை பின்னாத நோயாளிகள்

மருத்துவர் ஒருவர், மருத்துவமும் ஒன்று, கூடங்கள் மட்டும் இரண்டு! ஒரு கூடத்திலே பாட்டொலி, படக்காட்சி, நோயாளிகளே எழுதும் இதழ். மறு கூடத்திலே மௌனம், திருப்பிக்கொண்ட முகங்கள், தொடப்படாத பின்னல் நார். முன்னதில் இருந்தோர் ஐரோப்பிய மாதர். பின்னதில் இருந்தோர் அல்ஜீரிய முஸ்லிம் ஆடவர், இருநூற்றுக்கு மேற்பட்டோர். இடம், பிரெஞ்சு ஆதிக்கத்தில் இருந்த அல்ஜீரியாவின் பிளிடா நகர மனநோய் மருத்துவமனை. மருத்துவர், மார்த்தினிக் தீவிலே கறுப்பர் குடும்பத்திற் பிறந்து, பிரான்சிலே பயின்று, 1953-இல் அங்கே பணியேற்ற ஃபிரான்ஸ் ஃபனான்.

இத்தோல்வியை அவரும் பயிற்சி மருத்துவர் ஜாக் அசுலேயும் 1954-இல் கட்டுரையாக எழுதினர். சிதறிக் கிடந்த ஃபனானின் மருத்துவ எழுத்துகளோடு அது 2015-இல் பிரெஞ்சிலும் 2018-இல் ஆங்கிலத்திலும் நூலாக வந்தது. விடுதலைப் போரின் சிந்தனையாளர் ஃபனானை அறிந்த இளைஞர் பலர், மருத்துவர் ஃபனானை அறியார். அவர்பொருட்டே இதை எழுதுகிறோம்.

தோல்விக்குக் காரணம் சொல்ல அன்று ஆயத்தமாக ஒரு விடை இருந்தது. அல்ஜியர்சில் மனமருத்துவப் பேராசிரியராக விளங்கிய அந்துவான் போரோ, வட ஆப்பிரிக்க முஸ்லிமின் மனம் வளர்ச்சி குன்றியது என்று 1918-லேயே எழுதிவிட்டார். அவர் வழிவந்தோர் மூளையின் அமைப்பிலேயே குறை கண்டனர். கென்யாவிலே பணிபுரிந்த கரோதர்ஸ் என்பார், மூளையின் முன்பகுதியில் அறுவை செய்யப்பட்ட ஐரோப்பியனுக்கு ஆப்பிரிக்கனை ஒப்பிட்டார். ஆப்பிரிக்கர் மனம் பற்றிய அவருடைய நூலை 1953-இல் வெளியிட்டது யார்? ஏதோ ஒரு நிறவெறிக் கூட்டமா? அன்று, உலக சுகாதார நிறுவனம்! நிலத்தைப் பறித்தவன், பறிகொடுத்தவனின் முகவாட்டத்துக்கு மூளைக்கோளாறு என்று பெயர் சூட்டினான். அதற்குப் பட்டமும் பதவியும் பெற்றான்.

ஃபனான் அந்த விடையைத் தொடவில்லை. பிழை நோயாளியிடம் இல்லை, தம்மிடமே என எழுதினார். ஐரோப்பிய வாழ்வையே மனித வாழ்வெனக் கொண்டு, அதற்குள் இவர்களை இழுத்துப் போட முயன்றோம். ஆதிக்க அரசு செய்ததையே வெள்ளை அங்கி அணிந்து நாமும் செய்தோம் என்பதே அக்கட்டுரையின் சாரம். கறுப்பின மக்களின் மனக்காயத்தை 1952-இல் நூலாக எழுதியவரே இப்பிழையைச் செய்தார் என்பதை நாம் மறத்தல் ஆகாது. நல்லெண்ணம் இருந்தது, அறிவு இருந்தது, எதிரே இருந்த மனிதன் யார் என்ற கேள்வி மட்டும் இல்லை.

கட்டுரையின் உயிர் சிறு செய்திகளிலே உள்ளது. கூடை பின்னச் சொன்னார்கள். அவ்வாடவர்க்கு அது பெண்டிர் தொழில். மண்வெட்டி கொடுத்தபோது கை அசைந்தது. அவர்களிற் பெரும்பாலோர் உழவர் அல்லரோ! இதழ் நடத்தச் சொன்னார்கள். படிக்கத் தெரிந்தோர் மிகச் சிலர். மருத்துவருக்கு அரபும் தெரியாது, கபிலியமும் தெரியாது, மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அந்த ஏழை இதற்கு முன் மொழிபெயர்ப்பாளரைக் கண்டது எங்கே? நீதிமன்றத்திலே, அதிகாரி முன்னிலையிலே! மருத்துவமனையிலும் அதே இடையாள் வந்து நின்றால், நோயாளி தன் துயரைச் சொல்வானா, வாக்குமூலம் கொடுப்பானா?

பின்னர் மாற்றம் வந்தது. அரபுக் காப்பிக்கடை ஒன்று உள்ளேயே எழுந்தது. இஸ்லாமியத் திருநாள்கள் கொண்டாடப்பட்டன, கதைசொல்லி வந்தார், பந்தாட்டத் திடல் அமைந்தது. கூடம் பேசத் தொடங்கிற்று.

பகுத்தறிவுத் தோழர் ஒருவர் இங்கே குறுக்கிடலாம்: பழக்கத்துக்கு மதிப்பு என்றால், பேய்க்கும் பூதத்துக்குமா மதிப்பு? நியாயமான கேள்வி, நாமும் கேட்டதுதான். 1956-இல் ஃபனானும் சான்செஸும் எழுதிய கட்டுரை இதைத் தொடுகிறது. பைத்தியத்துக்குக் காரணம் ஜின்கள் என மக்ரிப் நாட்டு மக்கள் நம்பினர். அந்நம்பிக்கையை மருத்துவமாக ஏற்கச் சொல்லவில்லை ஃபனான். அதனாலே அவர்கள் நோயாளியைப் பழிக்கவில்லை, அவன் நலம் பெற்றபின் ஒதுக்கவுமில்லை என்பதைக் கவனித்தார். ஜின் பொய், நோயாளிக்குக் கிடைத்த மதிப்பு மெய். இரண்டையும் பிரித்தறியாத பகுத்தறிவு, போரோவின் பக்கத்து நாற்காலியிலே போய் உட்கார்ந்துவிடும்.

குறையும் உண்டு. ஏறத்தாழ எல்லாவற்றையும் மருத்துவரே பேசுகிறார். நோயாளியின் சொல் நமக்குக் கிட்டுவது அரிது. முஸ்லிம் பெண்களிடம் படங்களைக் காட்டிக் கதை சொல்லச் சொன்ன ஒரு சோதனை பற்றி 1956-இல் எழுதுகிறார். படங்களில் இருந்ததோ ஐரோப்பிய வாழ்வு, சோதனை தோற்றது. சோதனையின் குறையை நன்றாகவே காட்டுகிறார். அப்பெண்களுக்குச் சொல்வதற்கு எந்தக் கதை இருந்தது? அதை நாம் அறிந்தோமில்லை.

இன்று பண்பாடறிந்த மனமருத்துவம் பேசுவோர் சிலர் அந்தக் காப்பிக்கடையோடு நின்றுவிடுகின்றனர். இன்ன சமூகத்தார்க்கு இன்ன பழக்கம் என்று பட்டியல் போட்டால் கடமை முடிந்ததாம்! ஃபனான் அங்கே நிற்கவில்லை, நிற்கவும் இயலவில்லை. 1954 நவம்பரில் விடுதலைப் போர் மூண்டது. சித்திரவதைக்கு ஆளானோரும் வந்தனர், சித்திரவதை செய்த காவலரும் வந்தனர், அதே மருத்துவரிடம். சொந்த மண்ணிலேயே மனிதனை அன்னியனாக்கும் ஆட்சியின் கீழ், அவனை மண்ணோடு பொருந்தி வாழச் செய்யும் மருத்துவம் எப்படி நடக்கும்? 1956-இன் இறுதியில், அல்ஜீரியாவுக்குப் பொறுப்பான அமைச்சர் லகோஸ்துக்குப் பதவி விலகல் கடிதம் எழுதினார். 1957 சனவரியில் நாட்டை விட்டு வெளியேற்றப்பட்டார். அக்கடிதம் 1964-இல் வந்த ‘ஆப்பிரிக்கப் புரட்சியை நோக்கி’ என்னும் தொகுப்பிலே இருக்கிறது. 1954-இன் கட்டுரையைப் படித்து முடித்த கையோடு இளைஞர்கள் அதையும் எடுத்துக்கொள்க.