உருமாறும் பொம்மையும் திறவாப் பெட்டியும் – யப்பானிய ரோபோ பொம்மைச் சேகரிப்புப் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

இலக்கியம், நாடகம், ஓவியம் ஆகியவற்றைப் போன்று விளையாட்டுப் பொருளும் ஒரு சமுதாயத்தின் ஆக்கமே. ஓர் ஆக்கத்தை எவர் செய்தார், எவருக்காகச் செய்தார், எச்சூழ்நிலையிலே செய்தார், பின்னர் அது எவர் கைக்குச் சென்றது என்னும் வினாக்களை நாவலிடம் கேட்கும் நாம் பொம்மையிடம் கேட்பதில்லை. 1970களிலும் 1980களிலும் யப்பானிலே தோன்றிய உருமாறும் ரோபோ பொம்மைகள் இவ்வினாக்களுக்கு விடை தரவல்லன. இன்று அவற்றுட் பல சிறுவர் கையில் இல்லை. வளர்ந்தோரான சேகரிப்பாளரின் கண்ணாடி அலுமாரிகளில் உள்ளன. இவ்விடமாற்றத்தினால் அவை பெற்றது யாது, இழந்தது யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

போருக்குப் பிந்திய யப்பானின் பொருளாதார மீட்சியோடு பொம்மைத் தொழிலுக்கு நெருங்கிய தொடர்புண்டு. 1945ஆம் ஆண்டிலேயே கொசுகே என்னும் கைவினைஞர் வெற்றுத் தகரப் பேணிகளைக் கொண்டு, வெற்றி கொண்டோரின் ஜீப் வண்டியைப் பொம்மையாகச் செய்து விற்றார். அடுத்த சில ஆண்டுகளில் 'ஆக்கிரமிக்கப்பட்ட யப்பானில் செய்யப்பட்டது' என்ற பொறிப்புடன் தகரப் பொம்மைகள் மேலைநாடுகளுக்குச் சென்றன. தோற்றவனின் கை வென்றவனின் ஊர்தியைச் செய்து, வென்றவனின் பிள்ளைக்கே விற்ற காலம் அது.

1972இல் நாகாய் கோவின் 'மசிங்கர் இசட்' தொலைக்காட்சிக்கு வந்தபோது நிலைமை மாறியது. அதன் நாயக ரோபோவுக்குள் ஓர் இளைஞன் அமர்ந்து அதனைச் செலுத்தினான். அக்கதையில் வரும் கற்பனை உலோகத்தின் பெயரான 'சோகோகின்' என்பதையே பொப்பி நிறுவனம் 1974இல் தன் வார்ப்புலோகப் பொம்மைகளுக்கு இட்டது. அதே ஆண்டு வெளிவந்த 'கெற்றர் ரோபோ'வில் மூன்று விமானங்கள் ஒன்றிணைந்து ஒரு ரோபோவாயின. ஓவியத்திலே நெகிழ்ந்து கலந்த அம்மாற்றத்தைத் திண்மப் பொருளிலே நிகழ்த்த இயலவில்லை. 1976இல் 'கொம்பற்லர் வி' வெளிவந்தபோதோ, திரையிற் கண்ட இணைவைச் சிறுவன் தன் கையாலேயே நிகழ்த்த முடிந்தது. கதை பொம்மையைப் பின்பற்றத் தொடங்கிய கட்டம் இதுவே.

இதற்கு இணையாக இன்னொரு மரபும் வளர்ந்தது. 1964இல் அமெரிக்காவின் ஹஸ்புரோ நிறுவனம் 'ஜி. ஐ. ஜோ' என்னும் போர்வீரன் பொம்மையை வெளியிட்டது. அதன் உரிமம் பெற்ற யப்பானின் தக்காரா நிறுவனம் அவ்வுடலையே அடிப்படையாகக் கொண்டு 1972இல் 'ஹென்ஷின் சைபோர்க்' என்னும் பொம்மையைச் செய்தது. ஹென்ஷின் என்பதற்கு உருமாற்றம் என்பது பொருள். 1974இல் அது உள்ளங்கை அளவான 'மைக்குரோமேன்' ஆகச் சுருங்கியது. இவ்வழியிலே 1980இல் 'டயாக்குளோன்', 1983இல் 'மைக்குரோ சேஞ்ச்' என்னும் வரிசைகள் தோன்றின. இவ்விரண்டினதும் உருக்களை ஹஸ்புரோ பெற்று, 1984இல் 'ட்ரான்ஸ்போமேர்ஸ்' என்ற பெயரில் அமெரிக்காவிலே விற்றது. வீரனாகப் புறப்பட்ட பொம்மை இருபது ஆண்டுகளில் இயந்திரமாகத் திரும்பி வந்தது.

எமது விமர்சனத்துறையில் நீண்டகாலம் விவாதிக்கப்பட்ட உருவம், உள்ளடக்கம் என்னும் சிக்கல் இப்பொம்மைகளிலே தூலமாகக் காணப்படுவது சுவையானது. டயாக்குளோன் வரிசையின் டற்சன் பெயர்லேடி காரை எடுத்துக்கொள்வோம். அதன் பொனற் ரோபோவின் மார்பாகின்றது; கதவுகள் தோளின் பின்னே சிறகுகளாகின்றன. எதுவும் கழற்றி வீசப்படுவதில்லை. காராக இருக்கும்போது ரோபோ மறைந்திருக்கின்றது. ரோபோவாக நிற்கும்போது கார் சிதறிக் கிடப்பினும் அழிந்துவிடவில்லை. இவ்விரு நிலைகளுள் எது உருவம், எது உள்ளடக்கம் என்று வினவினால் விடை கிடையாது. இரண்டையும் இணைக்கும் கீல்களின் இயக்கத்திலேயே அப்பொம்மையின் பொருள் தங்கியுள்ளது.

விளையாட்டுப் பொருள்களைப் பற்றி எழுதிய பிரெஞ்சு விமர்சகர் றோலன்ட் பார்த், வளர்ந்தோர் உலகைச் சிறிதாக்கித் தரும் பொம்மைகள் குழந்தையை ஆக்குபவனாக அன்றி, உடைமையாளனாகவும் பயன்படுத்துபவனாகவுமே ஆக்குகின்றன என 1957இல் குறை கூறினார். அக்கூற்று பெரும்பாலும் சரியே. ஆயினும் உருமாறும் பொம்மை அதற்கு ஓரளவு விலக்காகின்றது. கார் எவ்வாறு அமைந்துள்ளது என்பதை விரல்களால் அறியாத சிறுவன் அதனை ரோபோவாக்க முடியாது. கட்டுவதும் குலைப்பதும் மீண்டும் கட்டுவதுமே அங்கு விளையாட்டு.

எனினும் அமெரிக்கச் சந்தைக்குச் சென்றபோது இப்பொம்மைகளின் உள்ளடக்கம் அடிப்படையிலே மாறியது. டயாக்குளோன் ரோபோ உயிரற்ற ஊர்தியே. ஏறத்தாழ மூன்று சென்ரிமீற்றர் உயரமான, காந்தப் பாதங்களையுடைய சிறு மனிதர் அதனுள் அமர்ந்து அதனைச் செலுத்தினர். ஹஸ்புரோ அம்மனிதரை நீக்கியது; இயந்திரத்துக்கே உயிரும் பெயரும் குணமும் கொடுத்தது. மார்வெல் நிறுவனத்தின் பொப் புடியான்ஸ்கி பெரும்பாலான பெயர்களையும் வாழ்க்கைக் குறிப்புகளையும் எழுதினார். யப்பானிலே 'பற்றில் கொன்வோய்' என விற்கப்பட்ட பாரவூர்தி, 'ஒப்ரிமஸ் பிறைம்' என்னும் தலைவனாயிற்று. ஆனால் வார்ப்பச்சுகள் மாற்றப்படாமையால் பல கார்களினுள்ளே ஆசனங்கள் அப்படியே எஞ்சின. மைக்குரோ சேஞ்ச் வரிசையில் துப்பாக்கி, கசெற் கருவி, கமெரா முதலியன வீட்டுப் பொருள்களின் வேடத்தில் இருந்தன. டயாக்குளோன் கார்களோ சுருக்கிய அளவின. இரண்டும் ஒரே கதைக்குள் புகுத்தப்பட்டமையாலேயே கார் அளவான ஒரு ரோபோ கையடக்கமான கசெற் கருவியாகச் சுருங்கும் விந்தை நேர்ந்தது. கதையின் முரண்பாடு உற்பத்தி வரலாற்றின் முரண்பாடே.

இயந்திரம் உயிர் பெற்று மனிதன் மறைவது தற்செயலானதன்று. உழைப்பின் உறவுகள் மறைந்து, பண்டமே உயிருடையது போன்று தோன்றுவதைப் பற்றி மார்க்ஸ் கூறியதை இப்பொம்மைகளின் வெற்று ஆசனங்கள் நினைவூட்டுகின்றன. 1984இல் அமெரிக்க அரசின் தொடர்பாடல் ஆணைக்குழு தொலைக்காட்சி விளம்பர வரையறைகளைத் தளர்த்தியது. அதே ஆண்டில் அரை மணிநேர விளம்பரம் எனத்தக்க தொடராக 'ட்ரான்ஸ்போமேர்ஸ்' ஒளிபரப்பாயிற்று. 1986ஆம் ஆண்டுத் திரைப்படத்திலே ஒப்ரிமஸ் பிறைம் உட்படப் பழைய பாத்திரங்கள் பல கொல்லப்பட்டன. புதிய பொம்மைகளுக்குரிய பாத்திரங்கள் அவ்விடங்களைப் பிடித்தன. உயிர் கொடுத்த சந்தையே உயிரைப் பறித்தது.

அன்று அப்பொம்மைகளோடு விளையாடியோரே பிற்காலத்திற் சேகரிப்பாளராயினர். சேகரிப்பாளன் பொருள்களைப் பயன்பாட்டின் சுமையிலிருந்து விடுவிக்கிறான் என்பது வால்ற்றர் பென்யமினின் கருத்து. ஆனால் இங்கு நிகழும் விடுதலை ஐயத்துக்குரியது. ஒட்டு நாடா கிழிக்கப்படாத பெட்டிக்கே அதிக விலை. தரநிர்ணய நிறுவனங்கள் அப்பெட்டிக்கு நூற்றுக்கு இத்தனை எனப் புள்ளியிட்டு, அக்கிரிலிக் பேழையினுள் அடைத்துத் தருகின்றன. ட்ரான்ஸ்போமேர்ஸ் பெட்டியின் பின்புறத்திலே பாத்திரத்தின் குறிப்பு அட்டை அச்சிடப்பட்டிருந்தது; சிறுவர் அதனை வெட்டி எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே செய்தோரின் விருப்பம். இன்று வெட்டிய பெட்டி குறைபாடுள்ளது. பொருளைச் செய்தோர் கருதிய பயன்பாடே அதன் பழுதாகிவிட்டது.

இன்னொரு முரண்பாடும் நோக்கற்பாலது. இப்பொம்மைகள் அருமையானவையாக இருப்பது ஏன்? இலட்சக்கணக்கான சிறுவர் அவற்றைத் திருகி, உடைத்து, ஏவுகணைகளைத் தொலைத்து, தேய்த்து முடித்தமையாலேயே. எஞ்சியதன் விலையை உயர்த்தியவர் விளையாடியவர். தான் இகழும் அவ்விளையாட்டின் பயனையே சேகரிப்பாளன் அறுவடை செய்கிறான்.

பெட்டியைத் திறவாமை பொருளைக் காக்கின்றதா என்பதும் வினாவுக்குரியதே. தக்காத்தோக்கு நிறுவனத்தின் அச்சிலிருந்து வந்த 'ஜெற்பயர்' விமானத்தின் வெண்ணிறப் பிளாஸ்ரிக் காலப்போக்கில் மஞ்சளாகின்றது. 1980களின் பிற்பகுதியிலே பொன்னிறத் துகள் கலந்து வார்க்கப்பட்ட சில பிளாஸ்ரிக்குகள், தொடாமலே நலிந்து, முதன்முறை உருமாற்ற முயலும்போது நொறுங்கிவிடுகின்றன. பல்லாண்டு காக்கப்பட்டு ஒருமுறையேனும் ரோபோவாகாமல் முடியும் பொம்மையைவிடப் பரிதாபத்துக்குரிய பொம்மை வேறில்லை.

இவ்வாறு கூறுவதாற் சேகரிப்பாளரை முற்றாக நிராகரித்தல் தகாது. ஹஸ்புரோவின் பெட்டிகளிலே இடம்பெறாத கவாமோரி ஷோஜி, ஓனோ கோஜின் ஆகிய வடிவமைப்பாளரின் பெயர்களை உலகறியச் செய்ததில் அவர்களுக்குப் பெரும் பங்குண்டு. பொம்மையின் காலிற் பொறித்த ஆண்டையும் நாட்டையும் ஒப்பிட்டு, எந்த அச்சு எங்கிருந்து எங்கு சென்றது என்னும் வம்சாவழியை வகுத்தோரும் அவர்களே. நிறுவனங்கள் மறந்த வரலாற்றைக் காத்தது அவர்களின் பொறுமை. 1986இல் கித்தகாரா தெருஹிசா யோக்கொஹாமாவிலே தகரப் பொம்மை நூதனசாலையைத் திறந்து, தனியுடைமையாயிருந்த சேகரிப்பைப் பொதுமக்களின் பார்வைக்கு வைத்தார். சேகரிப்பு அறிவாகும் இடம் இதுவே.

ஆகவே சேகரிப்பை இரு வகையாகப் பிரித்து நோக்குதல் வேண்டும். விலையைக் காக்கும் சேகரிப்பு ஒன்று; பொருளை விளங்கிக்கொள்ளும் சேகரிப்பு மற்றொன்று. முன்னையதற்குப் பெட்டி போதும். உள்ளே செங்கல் இருந்தாலும் வேறுபாடில்லை. பின்னையதற்குக் கீல் அசைய வேண்டும், பொனற் மார்பாக வேண்டும், வெற்று ஆசனத்தைக் கண்டு அங்கிருந்த மனிதன் எங்கே என்று கேட்க வேண்டும். வாசிக்கப்படாத நூல் நூலகத்திற்கு அழகு சேர்க்கலாம். இலக்கியத்திற்கு எதுவும் சேர்ப்பதில்லை. உருமாறாத உருமாறும் பொம்மையின் நிலையும் அதுவே.