‘ஏன்’ என்பதையும் கற்றுக் கொடுங்கள்

சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டிச் சென்றால் சுங்குவார்சத்திரம் வரும். ஷிப்டு மாறும் நேரத்தில் கம்பெனிப் பேருந்துகள் வரிசை கட்டி நிற்கும் ஊர். அங்கே குடியிருக்கும் நான், கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன்.

அண்மையில் ஒருநாள் என் அம்மாவுக்கு நானே இரத்த அழுத்தம் பார்த்தேன். கருவி 142 என்று காட்டியது. அப்போது வந்திருந்த, பக்கத்துத் தெருவில் சுகாதாரப் பணி செய்யும் ஓர் அக்கா, “சார், பெரியம்மா கை மடியில இருக்கு. மேசை மேல வச்சுப் பாருங்க” என்றார். சற்று நேரம் கழித்து அப்படியே செய்தேன். 137! “ஏன் அப்படி வைக்கணும், அக்கா?” என்றேன். “அப்படித்தான் பழக்கம், சார்” என்றார்.

விதி அவருக்குத் தெரிந்திருந்தது. காரணம் எனக்குத் தெரிந்திருந்தும் நான் கையைக் கவனிக்கவில்லை. விதியும் காரணமும் ஒருவரிடமே சேரவேண்டும் என்பதுதான் இக்கட்டுரையின் வழக்கு.

காரணம் எளியது. இரத்தமும் ஒரு திரவம். ஆழம் கூடினால் அதன் அழுத்தமும் கூடும். பாதரசத்தின் அடர்த்தி 13.6, இரத்தத்தின் அடர்த்தி சுமார் 1.06. ஆகவே 12.8 மில்லிமீட்டர் உயர இரத்தம், 1 மில்லிமீட்டர் பாதரசத்துக்குச் சமம். கருவியின் பட்டை இதய மட்டத்திலிருந்து 8 சென்டிமீட்டர் தாழ்ந்தால், அளவு ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் கூடிவிடும். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024-இல் இதை அளந்தே பார்த்தார்கள். கையை மடியில் வைத்தால் மேல் அளவு சுமார் 4 மில்லிமீட்டரும், பக்கவாட்டில் தொங்கவிட்டால் 6.5 மில்லிமீட்டரும் கூடுதலாகக் காட்டியது.

இது சிறு பிழைதானே என்று நினைக்கிறீர்களா? எல்லைக் கோடு 140. உண்மையில் 136 உள்ளவர் 142 ஆகி நோயாளிப் பட்டியலில் சேர்ந்துவிடுவார். கையை இதய மட்டத்துக்கு மேலே தூக்கி அளந்தாலோ, உண்மையான நோயாளி “ஒன்றுமில்லை” என்று திருப்பி அனுப்பப்படுவார்.

தமிழகத்தில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கப்பட்டது. மகளிர் சுய உதவிக் குழுக்களைச் சேர்ந்த உள்ளூர்ப் பெண்கள் வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்தார்கள். மாத்திரைகளையும் கொண்டு சேர்த்தார்கள். 2024-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் இத்திட்டத்துக்குக் கிடைத்தது. பாராட்டத்தக்க முயற்சி, ஐயமில்லை. ஆனால் இத்தகைய பணிக்கு உள்ளூர்ப் பெண்ணை நாம் ஏன் தேர்ந்தெடுக்கிறோம்? ஊரின் வீடுகளை அவர் அறிவார் என்பதால்தானே! அவருக்கு விதிகளை மட்டும் ஒப்பித்துக் காட்டி அனுப்பினால் அந்த அறிவு பயன்படாமல் போகும்.

எங்கள் ஊரின் வாடகை அறைகளைப் பாருங்கள். நான்கைந்து இளைஞர்கள் தங்கும் ஒற்றை அறை. மேசையும் இல்லை, நாற்காலியும் இல்லை. “கையை மேசை மேல் வை” என்ற விதி அங்கே வாசலிலேயே நின்றுவிடும். காரணம் அறிந்தவரோ தலையணையைப் பெட்டி மேல் அடுக்கி, கையை மார்பு மட்டத்துக்குக் கொண்டு வந்துவிடுவார். இரவு ஷிப்டு முடித்துத் தூக்கமின்றி, தேநீரும் புகையும் முடித்து வந்தவரை உடனே அளக்கலாகாது என்பதையும் அவரே முடிவு செய்வார்.

“அதிகம் படிக்காதவர்களுக்கு இதெல்லாம் விளங்குமா?” என்று சிலர் கேட்கக்கூடும். மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் இதற்கு விடை உண்டு. குழந்தைகளின் நிமோனியாவை அறிய, மூச்சை எண்ணவேண்டும். நூறு வரை எண்ணத் தெரியாத மருத்துவச்சிகளுக்காக, மணற்கடிகையும் மணிகளும் கொண்ட எளிய கருவி ஒன்றை டாக்டர் அபய் பங் குழுவினர் அமைத்தனர். பத்து மூச்சுக்கு ஒரு மணியை நகர்த்தவேண்டும். மணல் தீருமுன் சிவப்பு மணியை எட்டிவிட்டால் ஆபத்து. பின்னர் அபய் பங், ராணி பங் தம்பதியர் கிராமப் பெண்களுக்குப் பச்சிளங்குழந்தைப் பராமரிப்பிலும் முழுப் பயிற்சி தந்தனர். வீட்டிலேயே அளிக்கப்பட்ட இப்பராமரிப்பால் பச்சிளங்குழந்தை இறப்பு 62 சதவீதம் குறைந்ததாக 1999-இல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்டனர். அதே மாநிலத்தின் ஜாம்கெட்டில் ஆரோலே தம்பதியர் 1970-இல் தொடங்கிய பணியிலும், கிராமப் பெண்கள் திரும்பத் திரும்ப வந்து கற்றார்கள். ஒரே மூச்சில் பாடத்தை முடித்து அனுப்பவில்லை.

ஆகவே பயிற்சியில் ஒரு மணி நேரத்தைக் காரணத்துக்கு ஒதுக்கவேண்டும். ஒளிபுகும் குழாய் ஒன்றின் அடியில் பலூனைக் கட்டி, குழாயை நிமிர்த்திப் பிடித்து நீர் ஊற்றுங்கள். நீர்மட்டம் உயர உயரப் பலூன் புடைக்கும். பிறகு ஒவ்வொருவரும் தம் கையை மூன்று உயரங்களில் வைத்து அளந்து எழுதட்டும். செலவு சில ரூபாய்தான்.

மாணவர்களே, நீங்களும் செய்து பாருங்கள். இயற்பியல் ஆசிரியர்கள் தத்தம் ஊரில் இதற்கு முன்வரலாம். அந்த அக்காவிடம் சொல்லியிருக்கிறேன்; வரும் ஞாயிற்றுக்கிழமை தோழிகளை அழைத்து வருகிறார். குழாயும் பலூனும் வாங்கி வைத்துவிட்டேன்.