துணி போர்த்த சிறகு

சொந்தத்தில் சிறு விமானம் வைத்துக்கொள்ள விரும்புகிற அன்பர்கள் இருவர் சந்தித்தால், பேச்சு எஞ்சினில் தொடங்கி எஞ்சினிலேயே முடிந்துவிடுகிறது. காண்டினென்டலா, லைகாமிங்கா, ரோட்டாக்ஸா என்று நடுநிசி வரை சர்ச்சை செய்பவர்கள், அந்த எஞ்சினால் ஆகாயத்தில் இழுத்துச் செல்லப்படுகிற சிறகின் மேல்தோலான துணியைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. பாறசாலை எல்லைக் கிராமத்தவனாகிய எனக்கு இந்த உதாசீனம் சகிப்பதில்லை. பாலராமவர்மா மகாராஜா காலத்தில் திவான் உம்மிணித் தம்பி தமிழ்ச் சீமையிலிருந்து வரவழைத்துக் குடியேற்றிய சாலியர்களின் பாலராமபுரம் எங்கள் நெய்யாற்றின்கரைத் தாலுகாவைச் சேர்ந்தது. ஆகவே துணியைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே விரலால் பார்த்துவிடுகிற பழக்கம் இந்தப் பக்கத்தில் பலருக்கும் உண்டு.

கர்னல் கோதவர்ம ராஜாவின் முயற்சியால் 1935ஆம் வருஷம் திருவனந்தபுரத்தில் வந்திறங்கிய முதல் டாட்டா விமானமும் துணிச் சிறகு கொண்டதுதான். நெவில் வின்சென்ட் ஓட்டிவந்த அந்த ஃபாக்ஸ் மாத், பிரயாணிகளை மூடிய அறைக்குள் பத்திரமாக உட்காரவைத்துவிட்டு, விமானியை மாத்திரம் அவர்களுக்குப் பின்னால் வெட்டவெளிக் காற்றில் உட்காரவைக்கிற விநோதப் பிறவி. ஆயினும் என் பிரியமெல்லாம் நம் நாட்டுப் புஷ்பக்கிடந்தான். பெங்களூர் ஹிந்துஸ்தான் ஏர்கிராப்ட் கம்பெனியார் 1958 செப்டம்பர் 28ஆம் தேதி முதன்முதலாகப் பறக்கவிட்டு, பிற்பாடு ஏறக்குறைய 150 வரை செய்து பறக்கும் கிளப்புகளுக்கெல்லாம் கொடுத்த அந்த இரண்டு ஆசன விமானம், அமெரிக்க ஏரோன்காவின் சாயலில் பிறந்தது என்று சிலர் இளப்பமாகச் சொல்லுவார்கள், சொல்லட்டும். 90 குதிரைசக்தி எஞ்சின், மணிக்குச் சுமார் 20 லிட்டர் பெட்ரோல், உருக்குக் குழாய்ச் சட்டம், அதன்மேல் துணி: சொந்தக்காரன் ஒருவன் தன் கையாலேயே தொட்டுத் தெரிந்துகொள்ளக்கூடிய விமானம் இதற்குமேல் என்ன வேண்டும்?

அந்தத் துணியின் வைபவத்தைச் சொல்கிறேன். நல்ல பருத்தித் துணியென்றால் அங்குலத்துக்கு 80 இழை. அங்குல அகலத் துண்டொன்று 80 பவுண்டு இழுப்பைத் தாங்க வேண்டும். வெயில் தின்று அது 56க்குக் கீழே இறங்கிவிட்டால் தோலை உரித்தெறிவதைத் தவிர வேறு மார்க்கமில்லை. மெழுகிட்ட நூலால் விலாச் சட்டங்களோடு சேர்த்துத் தைத்து, தையலின்மேல் நாடா ஒட்டி, துணியை இறுக்குகிற டோப்பு என்னும் திரவத்தை முதல் பூச்சாகத் துணியின் மறுபுறம் வரை ஊறும்படி தேய்க்கும்போது, பாவுக்குக் கஞ்சி போட்டதுபோலத் துணி மெல்ல விறைத்து, தொய்வெல்லாம் தானே மறைந்து, சுண்டினால் கணீரென்று பதில் சொல்கிறது. அதன்மேல் வெயிலைத் தடுக்க அலுமினியப் பொடி கலந்த வெள்ளிப் பூச்சு, கடைசியில்தான் வர்ணம். இடவப்பாதி மழையில் மாத்திரம் இந்தக் காரியத்தில் கை வைக்கக் கூடாது. ஈரக்காற்று பட்டால் பூச்சின் மீது வெண்மை படர்ந்து பலமும் போய்விடும்.

உலோகப் பிரியர்கள் செஸ்னாவைக் காட்டுவார்கள். மழையில் நின்றாலும் பாதகமில்லை என்பது அவர்கள் கட்சி. சங்குமுகம் கடற்கரையின் உப்புக் காற்று அலுமினியத்தை என்ன செய்யும் என்று அவர்கள் கூறுவதில்லை. 1993இல் பறந்த நம் நாட்டு ஹன்ஸா விமானத்தின் இழைக்கூட்டு உடல் பீங்கானைப்போல வழவழப்பானது, தையல் கவலை இல்லாதது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதன் உள்ளே நேர்ந்த காயம் வெளியே தெரிவதில்லையே! இப்போது பருத்திக்குப் பதிலாகப் பாலியெஸ்டரைப் போர்த்தி, இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்டிச் சுருக்குகிறார்கள். அது நெடுங்காலம் உழைக்கும். விரலுக்கு மாத்திரம் அதில் சுகமில்லை.

என் மனத்தாங்கல் கைத்தொழிலைப் பற்றியது. விமான பெட்ரோலைக் கடல் கடந்து வரவழைத்த நிலை மாறி, 2022இல் இந்தியன் ஆயில் வதோதராவிலேயே அதைச் செய்யத் தொடங்கியது; பெட்ரோலுக்கு வழி பிறந்தது, விலாத் தையல் போடுகிறவனுக்கு வழி பிறக்கவில்லை. ஒரு கிளப்பின் கொட்டகைப் புறத்தில், துணி கந்தலாய்த் தொங்க, சட்டம் துருவேறி நின்ற புஷ்பக்கைப் பார்த்தபோது, அதைக் குணப்படுத்தத் தெரிந்தவர் யாரென்று விசாரித்தேன். எல்லோரும் ஓய்வு பெற்றவர்கள் அல்லது காலமானவர்கள்.

பழைய துணி விமானம் விலைக்கு வருமானால், விற்பவர் முதலில் எஞ்சினை ஓட்டிக் காட்டத்தான் முற்படுவார். அதற்கு இடங்கொடாமல் குனிந்து வயிற்றுப்புறத்தைப் பாருங்கள். தண்ணீர் வடியும் துளைகளின் ஓரத்திலும் பாட்டரிக்குக் கீழேயும் துணியைச் சோதனைக் கருவியால் அழுத்தச் சொல்லுங்கள். அதற்கு இசையாதவரிடம் விலை பேச வேண்டாம்.