செக்குபந்தியில் நிற்கும் கொள்ளுத்தாத்தா

பழைய கிரயப் பத்திரம் ஒன்றைக் கையில் கொடுத்தால் பழக்கமில்லாதவர் முதலில் தேடுவது பெயரை. எனக்கு இந்த வித்தையைக் கற்றுக்கொடுத்த பெரியவர் நாற்பது வருஷம் பத்திர எழுத்தராக இருந்தவர். அவர் பெயரைச் சீந்தவே மாட்டார். காகிதத்தைப் புரட்டிச் சொத்து விவரம் எழுதியிருக்கும் இடத்துக்கு நேரே போய் விரலை ஊன்றிக்கொள்வார். “பேரை விடு தம்பி. எல்லையில யார் யார் நிக்கிறாங்கன்னு பாரு.”

செக்குபந்தி என்று பத்திரக்காரர்கள் சொல்லும் அந்த நாலெல்லை விவரம் பார்வைக்கு வறண்ட எழுத்து. இன்னார் நஞ்சைக்கு மேற்கு, வாய்க்காலுக்குத் தெற்கு, இன்னார் நிலத்துக்குக் கிழக்கு, களத்துக்கு வடக்கு. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. “இன்னார் நிலத்துக்கு மேற்கு” என்றால் நம் நிலம் அவருக்கு மேற்கே இருக்கிறது. ஆகவே அவர் நமக்குக் கிழக்கே இருக்கிறார். புதிதாகப் படிக்கிறவர்கள் இதைத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஊரையே தலைகீழாக வரைந்துவிடுவார்கள். நானும் வரைந்திருக்கிறேன்.

காவிரிப் பாசனத்தில் ஒருவருக்கு ஒரு மா நிலமும் மூன்று பிள்ளைகளும் இருந்தால், பாகம் எப்படிப் பிரியும் என்று யோசித்துப் பாருங்கள். மூன்று பேருக்கும் வாய்க்கால் தண்ணீர் வேண்டும். வாய்க்காலைத் தலைமாடாக வைத்து நிலத்தை நீளவாக்கில் மூன்று கீற்றாகக் கிழிப்பார்கள். அண்ணனுக்கு அடுத்தது தம்பி, அதற்கடுத்தது கடைக்குட்டி. ஐம்பது வருஷம் கழித்துக் கடைக்குட்டியின் மகன் தன் கீற்றை விற்கும்போது எழுதுகிற பத்திரத்தில், எல்லைக்காரராகப் பெரியப்பாவின் பேரன் நிற்கிறார். உறவு என்று அங்கே ஒரு சொல் கிடையாது. ஆனால் நிலம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதே ஊரில் நாலைந்து பத்திரங்களை எடுத்து எல்லைகளை ஒன்றோடொன்று பொருத்தினால், கிழிந்த வேட்டியைத் தைப்பதுபோல ஒரு பாட்டனாரின் முழு நிலம் கூடி வரும். அதன் விளிம்பில் அந்தப் பாட்டனாரும் தெரிய ஆரம்பிப்பார்.

சர்வே எண்ணும் இதே கதையைத்தான் சொல்கிறது. நிலத்தை அளந்து வரி விதித்த செட்டில்மெண்டில் 112 என்று ஒரே எண்ணாக இருந்த வயல் பிறகு 112/1, 112/2 என்று ஆகிறது. இன்னொரு தலைமுறையில் 112/2அ, 112/2ஆ. அதற்கும் பிறகு 112/2ஆ1. விற்பனையாலும் உட்பிரிவு விழும் என்பதால் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. ஆனாலும் பாகம் பிரிந்த குடும்பத்தின் உட்பிரிவுகளை வரிசையாக எழுதிப் பார்த்தால், கிளை விட்ட ஒரு வம்சாவளியை நில அளவைத் துறையே எழுதி வைத்திருப்பதுபோல இருக்கும். எனக்கு இதைவிட அழகான எண் வரிசை வேறு தெரியாது.

இத்தனை சுற்றுவழி எதற்கு என்று கேட்கலாம். இங்கிலாந்தில் ஒரு குடியானவரின் பேத்தி 1841ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கைத் திறந்தால், தன் பாட்டனார் பெயரையே பட்டியலில் படித்துவிடலாம். 1851 முதல் அவர் பிறந்த ஊர்கூட அதில் இருக்கும். இங்கே 1871இல் தொடங்கிய கணக்கெடுப்பில் நம் பாட்டன்மாரையும் எண்ணினார்கள். கூட்டுத்தொகை புத்தகமாக வந்தது. வீடு வீடாக எழுதிய பெயர்கள் நிலைக்கவில்லை. பிறப்பு இறப்புப் பதிவுக்கென்று சென்னை மாகாணத்தில் சட்டம் வந்தது 1899இல்தான். ஆக 19ஆம் நூற்றாண்டில் நம் கிராமத்து மனிதரை அரசாங்கம் பெயர் சொல்லிக் கூப்பிட்ட சந்தர்ப்பம் ஏறக்குறைய ஒன்றே ஒன்று, அவர் கட்ட வேண்டிய தீர்வைக்காக. நிலத்தைப் பற்றிக்கொண்டிருந்தவர் மட்டும் ஏட்டில் ஏறினார்.

ஏறியவரைக் கண்டுபிடிக்கும் இடங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1864ஆம் வருஷத்துச் சட்டத்தோடு தொடங்கிய சார்பதிவாளர் அலுவலகத்தில் அசையாச் சொத்து ஆவணங்களுக்கு ‘1 புத்தகம்’, உயில்களுக்கு ‘3 புத்தகம்’. பெயர்வாரியாக ஓர் அட்டவணை, ஊர்வாரியாக ஓர் அட்டவணை. அந்தக் கால அட்டவணைகளை ஆள் வைத்துக் கையால்தான் தேட வேண்டும். நூறு ரூபாய்க்கு உட்பட்ட கிரயத்துக்குப் பதிவு கட்டாயமில்லாததால் ஏழைகளின் சின்னச் சின்னக் கைமாற்றங்கள் இதில் இருக்காது. நில வகைக்குச் செட்டில்மெண்ட் பதிவேடு, ‘அ’ பதிவேடு, சிட்டா. ஜமீன் ஊர் என்றால் பாதை குறுகிப்போகும். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ரயத்துவாரி செட்டில்மெண்டே 1948 ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் வந்தது.

எழும்பூர் ஆவணக் காப்பகத்தின் இனாம் பதிவேட்டை மட்டும் அப்படி வேகமாகக் கடக்க மனம் வரவில்லை. 1858இல் அமைந்த இனாம் கமிஷன் ஊர் ஊராகப் போய், “இந்த மானியத்தை உன் குடும்பத்துக்கு யார் விட்டது, அன்று வாங்கியவர் யார், அவருக்கு நீ என்ன உறவு, உன் வயது என்ன” என்று கேட்டு எழுதியது. கோயில் குருக்களையும் கேட்டது. ஊருக்குத் தச்சு வேலை செய்தவரையும் துணி வெளுத்தவரையும் தலையாரியையும் கேட்டது. உறவு என்பதற்கே ஒரு பத்தி ஒதுக்கிய ஏடு அது. 1860களில் நாற்பது வயது என்று எழுதப்பட்ட ஒரு தச்சர், தன் பாட்டனார் பெயரைச் சொல்லியிருந்தால், நாம் 18ஆம் நூற்றாண்டுக்குள் கால் வைத்துவிட்டோம்.

கிடைத்த காகிதத்தைப் படிப்பது இன்னொரு சுகம். எழுத்தர்கள் வருஷத்துக்கு ௵ போடுவார்கள், மாதத்துக்கு ௴, தேதிக்கு ௳. ‘மேற்படி’ என்பதை ஒவ்வொரு முறையும் எழுதக் கை வலிக்காதா? அதற்கு ௸. ரூபாய்க்கு ௹. இந்தச் சுழிகளை முதன்முதலாகத் தடுமாறாமல் வாசித்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. மூடிய வீட்டில் யாரோ உள்ளிருந்து தாழ்ப்பாளை நீக்கியதுபோல இருந்தது.

தேதியில்தான் பலர் விழுவார்கள். ‘விஜய ௵ தை ௴’ என்று இருந்தால், விஜய என்பது 1833ஆகவும் இருக்கலாம், 1893ஆகவும் இருக்கலாம், 1953ஆகவும் இருக்கலாம். அறுபது வருஷச் சக்கரம் அப்படி. பக்கத்தில் பசலி 1303 என்று கண்டால் கவலை விட்டது; பசலியோடு 590 கூட்டினால் 1893. அது ஜூலையில் தொடங்கி மறு ஜூன் வரை ஓடும் வருஷம். அங்கும் ஒரு கணம் நிற்க வேண்டும். சித்திரையில் பிறந்த விஜயவுக்குத் தை வரும்போது ஆங்கில வருஷம் மாறிவிட்டது. ஆகவே பத்திரம் 1894 ஜனவரி–பிப்ரவரியைச் சேர்ந்தது. முத்திரைத்தாளில் விக்டோரியா மகாராணியின் தலை இருந்தால் கணக்கு சரி. மூன்று சாட்சிகளும் ஒரே வாக்குச் சொல்ல வேண்டும் என்பார் பெரியவர். இரண்டு சொல்லி ஒன்று முரண்டு பிடித்தால் காகிதத்தை அப்படியே கட்டி வைத்துவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விடுவார்.

பெயர்க் குழப்பத்துக்கு நம் மரபே காரணம். அதை அவிழ்க்கும் நூலும் அதே மரபுதான். தாத்தா பெயரைத் தாங்குகிறவன் என்பதால்தானே அவன் பெயரன், பேரன். ஒரு முத்துசாமிக்கு நாலு பிள்ளைகள் என்றால் நாலு வீட்டிலும் மூத்த பேரன் முத்துசாமி. நாலு முத்துசாமியும் ஒரே காலத்தில் ஒரே ஊரில் நிலம் வைத்திருப்பார்கள். தகப்பன் பெயரைக் கொண்டு பிரித்தால் பாதி தெளியும். மீதிக்கு மறுபடி எல்லைக்குத்தான் வர வேண்டும். ஆனால் ஒரே பெயர் நாலு கிளையில் ஒரே தலைமுறையில் தெரிந்தால், இரண்டு படி மேலே ஒரு முத்துசாமி இருந்தார் என்று தைரியமாகப் பென்சிலால் எழுதி வைக்கலாம். மையால் எழுத ஒரு காகிதம் வேண்டும்.

பங்காளி எல்லையில் நிற்பார் என்றால் மாமன் மச்சான் சாட்சிக் கையெழுத்தில் நிற்பார்கள். இது சட்டமில்லை, அனுபவம். வேற்றூர்க்காரர் ஒருவர் தொடர்ந்து இரண்டு மூன்று பத்திரத்தில் சாட்சியாக வந்தால் அந்த ஊரில் பெண் எடுத்திருக்கிறார்கள் என்று ஊகித்துத் தேடுவேன். பல தடவை பலித்திருக்கிறது. பெண்கள் பெயரோ அரிதிலும் அரிது. கணவர் சின்ன வயதில் இறந்து, பிள்ளை மைனராக இருந்தால், ‘மைனருக்குத் தாயாரும் கார்டியனுமான’ என்ற வரிக்கு அடுத்து அவள் பெயர் வரும், கீழே கைநாட்டும் இருக்கும். ஒரு குடும்பத்தின் துக்கம் வந்த வருஷத்தில்தான் அந்த வீட்டுப் பெண்ணின் பெயர் நமக்குக் கிடைக்கிறது. அந்த வரியை நான் அவசரமாகப் படிப்பதில்லை.

நிலமே இல்லாதவர்களை என்ன செய்வது? தஞ்சைச் சீமையில் தலைமுறை தலைமுறையாக அந்த வயல்களில் உழைத்தவர்கள் செக்குபந்தியில் இல்லை. 1843இல் சட்டம் தடுக்கும்வரை மனிதரை விற்ற ஓலைகளில் சொத்தாக அவர்கள் பெயர் இருந்தது. அதற்குப் பிறகு அவர்களைத் தேடக் கடல் தாண்ட வேண்டும். 1860 அக்டோபரில் ஒப்பந்தக் கூலிகளோடு சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பல் நவம்பர் 16இல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் சேர்ந்தது. 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் 1,52,184 பேர். கப்பல் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம். ஓடிப்போனால் பிடிப்பதற்காக எழுதிய தழும்பு அது. எழுதியவர்கள் எந்த நோக்கத்தில் எழுதியிருந்தாலும், கொள்ளுப்பாட்டியின் இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு இருந்தது என்று தெரிந்துகொள்ளும் பேறு பட்டா வைத்திருந்த எந்தக் குடும்பத்துக்கும் கிடைக்கவில்லை. ஊர்ப்பெயரை வெள்ளைக்காரக் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள். முனுசாமி மூன்சாமியாகவும் கவுண்டர் கோவெண்டராகவும் ஆனதைப்போல. அதை உரக்கச் சொல்லிச் சொல்லிப் பார்த்து, நாக்கு பழைய தமிழ் ஊருக்குத் திரும்பும்வரை காத்திருக்க வேண்டும்.

என் வீட்டு விஷயம் ஒன்று. எங்கள் ஊரில் கீழத்தெருக் குடும்பம் ஒன்றுக்கும் எங்களுக்கும் கொள்வினை கொடுப்பினை கிடையாது, பெரிய போக்குவரத்தும் கிடையாது. ஆனால் அங்கே சாவு விழுந்தால் எங்கள் வீட்டில் தீட்டு. ஏன் என்று பாட்டியிடம் கேட்டால் “காக்கணும்னா காக்கணும்” என்பதற்கு மேல் பதில் வராது. மேலே தேதி படித்த அந்த விஜய வருஷத்துப் பத்திரம் எங்கள் வீட்டுடையது. அதன் கிழக்கெல்லையில் இருந்தது அவர்கள் வீட்டுப் பெரியவர் பெயர். அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனபோது, இரண்டு கீற்றுக்கும் மேலே ஒரே தகப்பன் பெயர் நின்றது.

நகலை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். எண்பதைத் தாண்டிய பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து, நான் எல்லைகளை வாசிக்க வாசிக்கக் கண்ணை மூடிக் கேட்டார். அண்ணன் தம்பி என்ற செய்தியில் அவருக்கு ஆச்சரியம் ஏதும் இல்லை. ‘வாய்க்காலுக்குத் தெற்கு’ என்ற இடத்தில் மட்டும் கையை உயர்த்தி நிறுத்தினார்.

“இப்ப இருக்கிற வாய்க்கால் இல்லப்பா அது. எங்கப்பா காலத்துல திருப்பிவிட்டது இது. பழசு கொஞ்சம் தள்ளி, அந்தப் புளியமரத்தை ஒட்டிப் போச்சு. வா, காட்டறேன்” என்று தடியைத் தேடினார்.